நூற்று இருபத்தேழு யூனிட்

1

நான் அடிலெய்டுக்கு வந்து பதினாறு வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அது. வருஷா வருஷம் அந்த நாளில் மனைவி சுமதி பாயசம் வைப்பாள், நாங்கள் ஊருக்குப் போன் போடுவோம். இந்த முறை நாங்கள் போடுவதற்கு முன்பே அங்கிருந்து அழைப்பு வந்துவிட்டது. அழைத்தவள் திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் என் தங்கை தமிழரசி.

அரசியின் பேச்சு எப்போதும் மூன்று கேள்விகளில் முடிந்துவிடும். "சாப்டீங்களா? பிள்ளை எப்படி இருக்கு? அங்க குளிரா, வெயிலா?" பதில் வந்ததும், "சரிண்ணே, வச்சிர்றேன்" என்பாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அன்று நான்காவதாக ஒரு கேள்வி வந்தது.

"அண்ணே, உங்க வீட்டு மேல சோலார் போட்டிருக்கீங்கள்ல? அதுக்கு எம்புட்டு ஆச்சு? அதால எம்புட்டு மிச்சம் ஆகுது?"

எனக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. ஆறு வருஷத்துக்கு முன் ஓர் ஆள் வந்து கதவைத் தட்டினார். எதிர்வீட்டில் போட்டிருந்தார்கள், பக்கத்து வீட்டில் போட்டிருந்தார்கள். நானும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேர் வந்து அரை நாளில் பலகைகளை மாட்டிவிட்டுப் போனார்கள். இங்கே மின்கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. மெஷின்களின் உள்ளும் புறமும் தெரிந்தவன், என் வீட்டுக் கூரையில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"பில்லு கம்மியாத்தான் வருது அரசி" என்றேன்.

"கம்மின்னா எம்புட்டு?"

"பாத்துச் சொல்றேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஊகம் வேண்டாம்" என்றாள்.

2

அரசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் அவள் கணக்கு எழுதுகிறாள். இருபத்திரண்டு வருஷமாக அதே கடை, அதே பஸ். காலையில் போய் மதியத்துக்கு மேல் வீடு திரும்புவாள். கேரளத்துக்குப் போகும் லாரியில் தக்காளிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே, எத்தனை பெட்டி, என்ன எடை, எவ்வளவு கழிவு என்று மனசுக்குள் போட்டு முடித்துவிடுவாள். வியாபாரிகள் கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பதெல்லாம் அவள் சொன்ன தொகை சரிதான் என்று உறுதி செய்துகொள்வதற்கு மட்டும்தான்.

அவள் கணவர் செல்வராஜ் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன் நுரையீரல் மருத்துவர், தினமும் குறைந்தது பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்தார்கள். சின்ன பீரோ உயரத்தில், சக்கரம் வைத்த பெட்டி. அதிலிருந்து வரும் குழாய் அவர் மூக்கில் இருக்கும். மின்சாரம் இருந்தால்தான் அது ஓடும்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மெஷின் வந்த பிறகு இரண்டு மாத மின்கட்டணம் மூவாயிரத்தைத் தொட ஆரம்பித்தது. அதற்கு முன் ஐந்நூறு ரூபாய்க்குள் இருந்த வீடு அது. "கரெண்டு பில்லை நான் கட்டிர்றேன் அரசி" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரே பதில்தான்.

"வேண்டாம்ணே."

அவ்வளவுதான், காரணம் சொல்லமாட்டாள். ரோஷக்காரி, அவள் குணம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். காரணம் வேறு என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

3

கேள்வியை என் மகள் நிலாவிடம் ஒப்படைத்தேன். பதினைந்து வயது. இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பேச வேண்டுமென்றால் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பதுபோல வைப்பாள். போன தடவை ஊருக்குக் கிளம்பியபோது, "நீங்க போயிட்டு வாங்க, நான் ஃப்ரெண்ட் வீட்டில இருக்கேன்" என்று சொல்லிவிட்டவள். ஆனால் கணக்கு என்றால் அவளுக்குப் பிடிக்கும்.

அத்தையிடம் நேரடியாகவே பேசினாள். "அத்தை, உங்க ஊர்ல சூரியன் எத்தனை மணி நேரம் வேலை செய்யும்?"

அந்தப் பக்கம் அரசி சிரித்தது எனக்குக் கேட்டது. "அது லீவே போடாது தாயி. ஐப்பசி கார்த்திகையில மட்டும் செத்த நேரம் லேட்டா வரும்."

நானும் நிலாவும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து கணினியில் அட்டவணை போட்டோம். ஒரு கிலோவாட் பலகைக்கு ஒரு நாளைக்கு நான்கு யூனிட். மூன்று கிலோவாட் போட்டால் பன்னிரண்டு யூனிட். பில் தொகையை யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட்டின் விலை. பெருக்கினால் வருஷ மிச்சம். ஆன செலவை அதால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்பது. நிலா வண்ணப் படமெல்லாம் வரைந்து, மேலே அத்தையின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்தாள். 'தமிலரசி' என்று இருந்தது. நான் திருத்தவில்லை. கடைசியில் நான் ஒரு குறிப்பு எழுதினேன்: பலகைகள் வடக்குப் பார்த்து இருக்க வேண்டும், இது மிக முக்கியம்.

பெருமையோடு அனுப்பி வைத்தோம். அடுத்த ஞாயிறு அரசி கூப்பிட்டாள்.

4

"அண்ணே, படமெல்லாம் நல்லா இருக்கு. பிள்ளைகிட்டச் சொல்லுங்க. ஆனா கணக்கு தப்பு."

"எங்க தப்பு?"

"மொதல்ல இந்த வடக்கு. நம்ம ஊருல சூரியன் வருசத்துல முக்காவாசி நாளு தெக்க சாஞ்சுல்ல போவும்? வடக்கப் பாத்துப் போட்டா பலகை எதப் பாக்கும், பக்கத்து வீட்டுச் சுவத்தையா?"

அடிலெய்டு பூமியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. இங்கே சூரியன் வடக்கில்தான் போகும், இங்குள்ள கூரைகளெல்லாம் வடக்கேதான் பார்க்கும். பதினாறு வருஷத்தில் எனக்குச் சூரியன் திசை மாறிவிட்டிருக்கிறது, அது மாறியதே தெரியாமல் இருந்திருக்கிறேன். திண்டுக்கல் வெயிலில் முப்பத்தொரு வருஷம் நடந்தவன் எழுதிய குறிப்பு அது.

அவள் விடாமல் தொடர்ந்தாள். "ரெண்டாவது, நீங்க எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை போட்டிருக்கீங்க. இங்க அப்படி இல்லண்ணே. மொத நூறு யூனிட்டு சும்மா. அப்புறம் படி ஏற ஏற விலை ஏறும். ஐநூறத் தாண்டுனா கீழ் யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு கூடிரும். அப்ப சோலாருல வர்ற மொத யூனிட்டு எதக் கழிக்கும்? மேல இருக்குற விலை கூடுன யூனிட்டக் கழிக்கும். அதுல நல்ல லாபம். கழிச்சுக் கழிச்சுக் கீழ வந்துட்டா, சும்மா கெடைக்கிறதக் கழிக்கிறதுக்கு நான் எதுக்குக் காசு போட்டுப் பலகை வாங்கணும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று கிலோவாட் அவளுக்குத் தேவையே இல்லை. இரண்டு போதும். மூன்றாவதில் போடும் பணம் திரும்பி வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகும்.

"மூணாவது, கழிவே போடல நீங்க. தக்காளிக்கே கழிவு போட்டுத்தான் விலை பேசுறோம். பலகையில தூசி படியும். சித்திரை வெயில்ல பலகையே சூடாகிக் கொறைச்சுக் குடுக்கும்னு சொல்றாங்க. மழை நாளு இருக்கு. நாலு யூனிட்டுக்கு மூணரைதான் நான் போட்டிருக்கேன்."

"சரி" என்றேன்.

"கடைசியா ஒண்ணு கேக்குறேன். கரெண்டு போச்சுன்னா இது ஓடுமா?"

நல்ல வெயிலடிக்கும் பகலில் கூட ஓடாது. சாதாரணமாக வீட்டுக்குப் போடும் அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடித்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி. அதைச் சொன்னேன்.

"அப்ப மாசத்துல ஒருநா காலை ஒம்போது மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் ஷட்டவுன் பண்ணுவாங்கள்ல, அன்னைக்கு?"

"பேட்டரி வைக்கணும். அதுக்கு வேற மாதிரி இன்வெர்ட்டர். செலவு ஒன்றரை மடங்கு ஆயிரும். பேட்டரிக்கு மானியமும் கெடையாது."

"ஷட்டவுன் அன்னைக்கு இவர ஆட்டோவுல ஏத்தி, மிஷினையும் ஏத்தி, வேற ஏரியாவுல சொந்தக்காரங்க வீட்டுக்குக் கொண்டு போறேன். இல்லாட்டி சிலிண்டர வாடகைக்கு எடுக்குறேன். எப்படிப் பாத்தாலும் எண்ணூறு ரூவா. அன்னைக்கு எனக்குப் புடிக்கிற சம்பளமும் அதுல சேத்தி. அதையும் மிச்சத்துல சேக்கணுமா இல்லையா? நீங்க சேக்கல."

நிலா ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அட்டவணையை முழுசாக அழித்தாள். அத்தை சொன்ன வரிசையில் புதிதாகப் போட்டாள். பேட்டரியோடு, மானியம் போக, ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பில்லில் மிச்சமாவதை மட்டும் பார்த்தால் எட்டரை வருஷம். ஷட்டவுன் நாள் செலவையும் சேர்த்தால் ஐந்தரை வருஷம். "அப்பா, அத்தை என்ன படிச்சிருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பிளஸ் டூ" என்றேன்.

5

பணத்தை அரசி தன் சேமிப்பிலிருந்தே எடுக்கிறாள் என்றாகிவிட்டது. என்னிடம் அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு கையெழுத்து மட்டும். அதைப் போடுவதற்குத்தான் பெரிய பாடாகிவிட்டது.

வீட்டு மின் இணைப்பு இன்னும் எங்கள் அப்பா கருப்பையா பெயரில்தான் இருந்தது. அப்பா இறந்து நான்கு வருஷம். பெயர் மாற்றினால்தான் சோலாருக்கு விண்ணப்பிக்க முடியும். மாற்ற, இன்னொரு வாரிசான நான் சம்மதக் கடிதம் தர வேண்டும். இங்கே நூலகத்தில் வாரத்தில் இரண்டு நாள் சான்றொப்பமிடும் அலுவலர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். கடிதத்தைப் படித்துவிட்டு, இதில் என் குடும்பப் பெயர் எது என்று கேட்டார். அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்றேன். அப்படியென்றால் உங்கள் அப்பாவின் குடும்பப் பெயர் என்ன என்றார். அது அவருடைய அப்பா பெயர் என்றேன். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

ஒருவழியாகக் கையெழுத்து வாங்கி ஊருக்கு அனுப்பினால், திரும்பி வந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழில் 'க. முருகேசன்'. பாஸ்போர்ட்டில் 'முருகேசன் கருப்பையா'. இருவரும் ஒருவரே என்று இன்னொரு கடிதம் வேண்டுமாம். மறுபடியும் நூலகம். க. முருகேசனாகிய நானும் முருகேசன் கருப்பையாவாகிய நானும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். பெரியவர் அதைப் படித்துவிட்டு, "நிச்சயமாகத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வடக்கையும் தெற்கையும் மாற்றி எழுதியவன் என்பதால் நானும் கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினேன்.

6

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனோம். "நானும் வரேன்" என்று நிலாவே சொன்னாள். சுமதிக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் செல்வராஜ் மாப்பிள்ளை எழுந்து நிற்கப் பார்த்தார். குழாய் இழுத்தது. "உக்காருங்க மாப்ள" என்றேன். "மருமகளே, இம்புட்டு வளந்துட்டியா?" என்று நிலாவைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வாக்கியம் பேசி, ஒரு மூச்சு எடுத்து, அடுத்த வாக்கியம். முன்பெல்லாம் மில் கபடி அணிக்கு மூச்சுப் பிடித்துப் பாடிப் போனவர்.

மொட்டைமாடிக்கு அரசி எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். தரை முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். தண்ணீர்த் தொட்டியின் நிழலும், பக்கத்து வீட்டு மாடிப்படிக் கூண்டின் நிழலும் எந்த மணிக்கு எதுவரை வருகிறது என்று கோடு போட்டு, பக்கத்தில் மணியும் மாதமும் எழுதியிருந்தாள். புரட்டாசியில் ஒரு கோடு. கார்த்திகையில் அதைத் தாண்டி ஒரு கோடு. மழையில் அழிந்தவற்றை மறுபடி எழுதியிருந்தாள். வேலைக்குப் போகும் நாட்களில் காலை நிழலைப் பார்க்க முடியாதென்பதால், ஒவ்வொரு லீவு நாளும் மேலே வந்து நின்றிருக்கிறாள்.

"தொட்டி இங்க இருந்தா மூணு மணிக்கு மேல ரெண்டு பலகை செத்துரும். வடக்கு ஓரமா மாத்தச் சொல்லிட்டேன். அங்க போனா நிழலு பலகைப் பக்கமே வராது. குழாய் வேலைக்கு ஆகுற காசையும் கணக்குல ஏத்திட்டேன்" என்றாள். நிலா குனிந்து ஒவ்வொரு கோடாகப் போன்வைத்துப் படம் எடுத்தாள்.

அவள் கீழே இறங்கிப் போன பிறகுதான் அரசி அதைச் சொன்னாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வைகாசியில பில்லு கொறஞ்சு வந்துச்சுண்ணே. அறுநூறு யூனிட்டு வரணும். நானூத்தி எழுபத்தி மூணு வந்துச்சு. ஆயிரத்தி இருநூறு ரூவாய்க்கு மேல மிச்சம். சந்தோசப்படணும்ல? நான் பழைய பில்லையெல்லாம் எடுத்துவச்சு உக்காந்துட்டேன்."

"ஏன்?"

"வீட்டுல ஒண்ணும் மாறல. அதே ஃபேனு, அதே ஃபிரிட்ஜ். அப்ப நூத்தி இருவத்தேழு யூனிட்டு எங்க போச்சு? மிஷினு ஒரு மணி நேரத்துக்கு எம்புட்டு இழுக்கும்னு அது முதுகுலயே போட்டிருக்கு. வகுத்துப் பாத்தேன். ரெண்டு மாசத்துல சந்தை லீவு போக அம்பத்திரண்டு நாளு. நாளுக்கு ஏழு மணி நேரம் வந்துச்சு."

"என்ன ஏழு மணி நேரம்?" என்றேன்.

"நான் ஒட்டன்சத்திரம் போயிட்டு வாற நேரம்ணே, ஏழு மணி நேரம். நான் பஸ் ஏறுனதும் மிஷின அணைச்சிருக்காரு. நான் வாறதுக்குள்ள போட்டிருக்காரு."

கீழே தெருவில் ஆட்டோ ஒன்று யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

"கேட்டியா?"

"கரெண்டு கார்டை அவரு முன்னால வச்சேன். 'சும்மா உக்காந்திருக்கும்போது எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஐநூறத் தாண்டாமப் பாத்துக்கிட்டேன்'னாரு. ஏதோ நல்ல காரியம் பண்ணுன மாதிரி. மறுநா டாக்டர்கிட்டக் கூட்டிப் போனேன். ரத்தத்துல ஆக்சிஜன் எறங்கிப்போயி, இருதயமும் கஷ்டப்பட ஆரம்பிச்சிருச்சுன்னாரு. திட்டுனா இந்த மனுசன் கேப்பாரா? நான் அந்தப் பக்கம் போனதும் திரும்ப அணைப்பாரு. நீங்க பில்லு கட்டுறேன்னு சொன்னீங்க. மச்சான் காசுல மூச்சு வுடுறோமேன்னு இன்னும் ரெண்டு மணி நேரம் கூட அணைச்சிருப்பாரு. அதான் வேண்டாம்னேன். அவரு மூச்சுக்கு ஆகுற கரெண்டு யாரு காசுலயும் வரக்கூடாது. அப்பத்தான் அவரு கை அந்த சுவிட்சுக்குப் போவாது. அது எப்படின்னு யோசிச்சப்பத்தான் உங்க வீட்டுக் கூரை ஞாபகம் வந்துச்சு."

எவ்வளவு ஆச்சு, எவ்வளவு மிச்சம் என்று அவள் அன்று கேட்டதன் பொருள் எனக்கு அந்த மொட்டைமாடியில்தான் விளங்கியது. என் மேலாளர்கள் கூட்டம் போட்டுக் கணக்குப் பார்ப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மின்கட்டண அட்டையிலிருந்து ஒரு மனிதனின் மனசைப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் என் கூடப் பிறந்தவள்.

7

பலகை மாட்ட வந்தவர் பழநிப் பக்கத்துக்காரர். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இம்புட்டு இடம் இருக்குது. மூணு கிலோவாட்டாவே போட்டுக்கலாமுங்க. மானியமும் கூட வருமுங்க" என்றார்.

"மூணாவது கிலோவாட்டுல வர்ற யூனிட்டு எனக்கு எந்த ரேட்டுல மிச்சமாவும்? அத மட்டும் சொல்லுங்க" என்றாள் அரசி.

அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்துவிட்டார். "ரெண்டே போதுமுங்க்கா" என்றார். பிறகு நிலாவின் பக்கம் திரும்பி, "உங்க அத்தை எங்க கம்பெனிக்கு வந்துட்டா நல்லா இருக்குமுங்க" என்றார். நிலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பலகைகள் தெற்குப் பார்த்து உட்கார்ந்தன. புது மீட்டர் வந்து, சோதனை முடிந்து, சுவிட்சைப் போட்ட அன்று தை பிறந்துவிட்டிருந்தது. எங்கள் விமானத்துக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில் ஒன்று ஷட்டவுன் நாளாக அமைந்தது நல்லதாயிற்று.

காலை ஒன்பது மணி. பக்கத்து வீட்டு மிக்சி பாதியில் நின்றது. தெருவில் ஒரு வீட்டு டிவி அணைந்தது. எங்கள் வீட்டில் மெஷின் அதேபோல ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். கை நீண்டு சுவிட்சின் பக்கம் போனது.

"மச்சான், இதுக்கு இப்ப யாரு காசு குடுக்குறா?"

"யாரும் குடுக்கல மாப்ள. மேல இருந்து வருது."

"மழை வந்தா?"

"பேட்டரி இருக்கு."

"ராத்திரிக்கு?"

அடுப்படியிலிருந்து அரசி பதில் சொன்னாள். "பகல்ல நம்ம வீட்டுல மிச்சமாவுறத கரெண்டு ஆபீசுக்குக் குடுக்குறோம். ராத்திரிக்கு அதத் திரும்ப வாங்கிக்கிறோம். யாருக்கும் நம்ம கடன்காரங்க இல்ல."

மாப்பிள்ளை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "நல்ல ஏற்பாடுதான்" என்றார். நீண்ட கை திரும்பி வந்து பேப்பரை எடுத்துப் பிரித்தது.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா பாதி அரைத்த இட்லி மாவோடு வந்தார். நம் வீட்டில் கிரைண்டர் ஓடுமா என்று கேட்டார். "ஓடும்க்கா. ஆனா மிஷினு போகத்தான்" என்று சொல்லி, மேகம் இருக்கிறதா என்று வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு அரசி கிரைண்டரைப் போட்டாள். அன்று அந்தத் தெருவில் அரைத்த ஒரே மாவு அதுதான். பக்கத்து வீட்டம்மா போகும்போது தன் வீட்டு மின் அட்டையையும் கொடுத்து, "எனக்கும் ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு அரசி" என்றார். அரசி இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "உங்களுக்கு வேண்டாம்க்கா. நீங்க எரிக்கிறதுக்குப் போட்ட காசு வராது."

8

அடிலெய்டுக்குத் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. நாகல் நகர் வீட்டில் எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு செலவு என்று காட்டும் செயலியை நிலா தன் போனிலும் வைத்துக்கொண்டாள். மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதைத்தான் திறக்கிறாள். "அப்பா, திண்டுக்கல்ல இன்னிக்கு மேகம்" என்கிறாள். எனக்கு முந்திக்கொண்டு ஊர்ச் செய்தி சொல்கிறாள். அத்தையோடு அவள் பேசும் தமிழில் இப்போது 'எம்புட்டு' வந்துவிட்டது. சுமதிக்கு அதில் கொஞ்சம் வருத்தம், எனக்கு இல்லை.

என் வீட்டுக் கூரையின் கணக்கையும் ஆறு வருஷம் கழித்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பலகை இரண்டு வருஷமாக வேலையே செய்யவில்லை. ஆளைக் கூப்பிட்டு மாற்றினேன். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் அரசியின் கதையைச் சொன்னேன். எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் இத்தாலியக் கிழவர் ஒருவர் தன் பில்லைக் கொண்டுவந்து நீட்டி, உன் தங்கையிடம் காட்ட முடியுமா என்று கேட்டார். காட்டினேன். பதிலும் வந்தது.

போன வாரம் அங்கே இரண்டு மாதக் கணக்கு முடிந்தது. அரசி கூப்பிட்டாள். மூன்று கேள்விகளையும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"அண்ணே, என் கணக்கு தப்பிருச்சு!"

குரலில் அத்தனை சந்தோஷம். நிலா ஓடி வந்து என் தோள்மேல் சாய்ந்துகொண்டாள்.

"பலகை சொன்னதவிடக் கூடத்தான் குடுத்திருக்கு. செலவுதான் கூடிப்போச்சு. அறுநூறு யூனிட்டு எரியும்னு எழுதி வச்சேன். அறுநூத்தி நாப்பது எரிஞ்சிருக்கு."

நிலாவுக்கு முகம் சுருங்கியது. "அத்தை, அப்ப அஞ்சரை வருஷத்துல காசு வராது. லேட் ஆகும்."

"ஆகட்டும் தாயி. அந்த நாப்பதையும் மிஷின் கணக்குல வகுத்துப் பாரு."

நிலா போனில் தட்டினாள். "ஒரு நாளைக்கு... கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம்."

"ஆமா. டாக்டர் பதினாறு மணி நேரம்னாரு. உங்க மாமா பதினெட்டு வைக்கிறாரு. மத்தியானம் சாப்ட்டுட்டு, மிஷினப் போட்டுக்கிட்டுத் தூங்குறாரு. இப்பவும் தூங்குறாரு. மெதுவாப் பேசு."